டோக்கியோவுக்கு மாதம் 200 வெள்ளி

2023ஆம் ஆண்டு மே மாத இறுதி. மகள் தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போன எங்களைத் தமிழாசிரியர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

“மார்ச் விடுமுறையில டோக்கியோ டிஸ்னிலேண்ட் போயிருந்தீங்களாமே! வகுப்புல எவ்வளவு அழகா சொன்னா தெரியுமா? கோட்டை, வாணவேடிக்கை, கறி மணக்கிற பாப்கார்ன்... மத்த பிள்ளைங்க எல்லாம் வாயைப் பிளந்துகிட்டுக் கேட்டாங்க.”

நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மார்ச் விடுமுறையில் நாங்கள் போனது ஜோகூர் பாருவுக்கு. சோதனைச்சாவடியில் இரண்டரை மணி நேரம் நின்று, ஒரு பேரங்காடியில் சாப்பிட்டு, மளிகை சாமான் வாங்கிக்கொண்டு அன்றிரவே திரும்பிவிட்டோம்.

ஆசிரியரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பொய்யும் சொல்லவில்லை. சிரித்து வைத்தோம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அழுதுவிட்டாள். “எல்லாரும் ஜப்பான் போயிருக்காங்கம்மா. நான் மட்டும் ஜேபின்னு எப்படிச் சொல்றது?”

அவள் சொன்னதில் மிகை அதிகம் இல்லை. கொவிட் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு 2022 அக்டோபர் 11ஆம் தேதி ஜப்பான் மீண்டும் விசா இல்லாமல் தனிப் பயணிகளை அனுமதித்தது. யென்னும் சரிந்திருந்தது. இங்கே யாரைக் கேட்டாலும் டோக்கியோ, ஒசாகா, ஹொக்கைடோ. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் போன ஆறேழு பேர் மற்றவர்கள் காதில் விழும்படிதானே பேசுவார்கள்.

பொய் சொன்னதற்காக அவளைத் திட்டியிருக்கலாம். எனக்குத் திட்ட வரவில்லை. காரணம், எட்டு வயதுப் பிள்ளை வகுப்பில் வாயால் செய்ததை நாங்கள் அதற்கு முன்பே அட்டையால் செய்திருந்தோம்.

நினைவில் நின்றது கடன்தான்

2018 டிசம்பரில் ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்குப் போனோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவரின் நண்பர்கள் இரண்டு குடும்பமாகக் கிளம்பினார்கள், நாங்களும் ஒட்டிக்கொண்டோம். கையில் இருந்த பணம் போதவில்லை. 5,000 வெள்ளியைக் கடன்பற்று அட்டையில் தேய்த்தோம். வந்து கட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நாங்களும் நினைத்தோம்.

அங்கே போய்ப் பார்த்தால் கோட்டையைச் சுற்றிச் சாரம் கட்டி மறைத்திருந்தது. அந்தக் கோட்டையைப் புதுப்பிக்கும் வேலை 2018 தொடக்கத்திலேயே ஆரம்பமாகி, 2020 நவம்பரில்தான் முடிந்தது. பூங்கா முன்பே அறிவித்திருந்த செய்தி அது. படிக்காமல் போனது எங்கள் தவறு. மகள் பாதி நேரம் தள்ளுவண்டியில் தூங்கினாள். இன்று அவளைக் கேட்டால், ஹோட்டல் வாசலில் இருந்த தொட்டி மீன்களை மட்டும் சொல்கிறாள்.

திரும்பி வந்து அட்டைக் கணக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இங்கே கடன்பற்று அட்டைக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ 26 முதல் 28 விழுக்காடு. குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் நிலுவையில் 3 விழுக்காடு. அதாவது 5,000 வெள்ளிக்கு மாதம் 150 வெள்ளி கட்டினால் வங்கி நம்மைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அந்த 150 வெள்ளியில் 100 வெள்ளிக்கு மேல் வட்டிக்கே போய்விடும், அசலில் நாற்பது சொச்சம்தான் குறையும். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நிம்மதியில் இதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கடனை அடைத்து முடித்தபோது 2020 நடுப்பகுதி. வட்டியாக மட்டும் 1,500 வெள்ளிக்குக் குறையாமல் கொடுத்திருப்போம். அந்தப் பணத்தில் மூன்று பேரும் இன்னொருமுறை விமானம் ஏறியிருக்கலாம்.

பயணக் கண்காட்சிகளில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். அதை நான் அட்டைக் கடனோடு சேர்த்துத் திட்ட மாட்டேன். ஒழுங்காகக் கட்டினால் உண்மையிலேயே வட்டி இல்லை. ஆனால் போய்வந்த விடுமுறைக்கு அடுத்த விடுமுறை வரையில் கட்டிக்கொண்டிருப்பது மனத்துக்குச் சலிப்பு. இடையில் வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தாலோ அந்தத் தவணை காத்திருக்காது. 12 மாதம் பின்னால் கட்ட முடிகிற குடும்பத்தால் 12 மாதம் முன்னால் சேர்க்கவும் முடியும். இரண்டும் ஒரே தொகைதான். ஒன்றில் பயம் இருக்கிறது, மற்றொன்றில் காத்திருப்பு இருக்கிறது.

ஆளுக்கு இரண்டு ராட்டினம்

மகள் அழுத அன்றிரவு மாமியார் ஒரு கதை சொன்னார். காலாங்கில் வொண்டர்லேண்ட் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1969இல் திறந்து 1988இல் மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பலருக்கு அதன் ராட்டினங்கள் இன்னும் நினைவிருக்கும். என் கணவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, மாமியார் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு கட்டிய சீட்டு விழுந்த மாதத்தில் மூன்று பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போனாராம்.

“ஆளுக்கு ரெண்டு ராட்டினம்னு வீட்டுலயே சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். எது ரெண்டுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டேன். மூணாவது ஏறணும்னா பஸ் காசுல கை வைக்கணும். ஒருத்தன்கூட அழலை.”

“நான் அழுதேன்” என்றார் கணவர்.

“நீ எதுக்குமே அழுவ” என்றார் மாமியார்.

அந்தக் கதையிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டோம். முதலில் பணம், பிறகு பயணம் என்பது ஒன்று. எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வீட்டில் பணம் பற்றிப் பிள்ளைகள் முன்னால் பேசக்கூடாது என்று வளர்ந்தவள் நான். எங்கள் அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்பது அவர் ஓய்வுபெறும்வரை எங்களுக்குத் தெரியாது.

2023 ஜூன் மாதம் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். சம்பளம் வந்த மறுநாள் 200 வெள்ளி தானாகவே அதில் போய் விழும்படி செய்தோம். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது, அதை நான் பல ஆண்டு பார்த்துவிட்டேன். 200 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று தோழிகள் கேட்கிறார்கள். பெரும்பகுதி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு. அதை ஒருநாளாகக் குறைத்து, மற்றொரு நாள் உணவங்காடி நிலையத்துக்கு நடந்தோம். காப்பீட்டிலோ பிள்ளைகளின் துணைப்பாடத்திலோ கை வைக்கவில்லை.

24 மாதமும் ஒழுங்காகப் போனது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மாமியாருக்குப் பல் சிகிச்சை வந்தபோது இரண்டு மாதம் நிறுத்தினோம். அந்த 400 வெள்ளியை ஆண்டிறுதி போனஸில் ஈடுகட்டினோம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, மாதாமாதம் மகள் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டினாள். நிறுத்திய இரண்டு மாதக் கட்டங்களில் அவளே ஒரு பல் வரைந்துவைத்தாள்.

நுழைவுச்சீட்டு எட்டில் ஒரு பங்குகூட இல்லை

டிஸ்னிலேண்ட் என்றாலே நுழைவுச்சீட்டு விலைதான் எல்லாரையும் மிரட்டுகிறது. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15ஆம் தேதி திறந்தபோது பெரியவருக்கு ஒருநாள் சீட்டு 3,900 யென். 2021 மார்ச் முதல் தேதிக்குத் தேதி விலை மாறுகிறது. 2023 அக்டோபரில் அது 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை என்றானது. முதல்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியதும் அப்போதுதான். 4 முதல் 11 வயதுவரை பிள்ளைகளுக்கு 4,700 முதல் 5,600 யென். மூன்று வயதும் அதற்குக் கீழும் இலவசம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள். மிக மலிவான நாளில் 25,200 யென். மிக விலையான நாளில் 33,000 யென். வித்தியாசம் 7,800 யென், நாங்கள் போன நேரத்து மாற்று விகிதத்தில் 70 வெள்ளி. நாள் பார்த்துப் போனால் 70 வெள்ளி மிச்சம் என்பது நல்லதுதான். ஆனால் 2025 ஜனவரியில் விமானச்சீட்டு தேடியபோது ஜூன் வாரநாள் ஒன்றில் தலைக்கு 540 வெள்ளி, வரும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அதைவிட 300 வெள்ளிக்கு மேல் கூடுதல். நான்கு பேருக்கு 1,200 வெள்ளி. எழுபது எங்கே, ஆயிரத்து இருநூறு எங்கே!

எங்கள் முழுக் கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்ட கட்டுரைகளில் தொகையைச் சொல்லாமல் மழுப்புவது எனக்குப் பிடிக்காது. மலிவுக் கட்டண விமானம், நான்கு பேருக்கும் இரண்டு பெட்டியோடு, 2,160 வெள்ளி. உவேனோ வட்டாரத்தில் நான்கு பேர் படுக்கும் அறை, ஆறு இரவு, 900. பூங்காவுக்கு வெளியே சாப்பாடு 430. விமான நிலைய ரயிலும் சேர்த்து ஊருக்குள் போக்குவரத்து 260. பயணக் காப்புறுதியும் தொலைபேசி இணையமும் 160. பிள்ளைகள் இருவருக்கும் கடப்பிதழ் 140. நுழைவுச்சீட்டு 250. பூங்காவுக்குள் சாப்பாடு 110. நினைவுப்பொருள் 150. ஒரே ஒரு சவாரிக்கு வரிசையைத் தாண்டிப் போகும் கட்டணம் 70. விலங்குத் தோட்டம், சில்லறைச் செலவு 50. மொத்தம் 4,680 வெள்ளி. கணக்கில் இருந்தது 4,800.

பூங்காவுக்காகச் செலவானதை மட்டும் கூட்டிப் பாருங்கள். 580 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு. நுழைவுச்சீட்டு மட்டும் என்றால் இன்னும் குறைவு. மற்ற ஏழு பங்கும் அங்கே போய்ச் சேரவும், தூங்கவும், சாப்பிடவும்தான். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் பூங்காவின் வாயில் இல்லை. எந்த வாரம் பறக்கிறோம், எத்தனை இரவு தங்குகிறோம் என்பதில்தான் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பூங்காவுக்குள் போய்ப் பிள்ளை கேட்கிற ஐந்து வெள்ளிப் பாப்கார்னுக்கு முகம் சுளிப்பதில் இல்லை.

அந்த 70 வெள்ளிச் சவாரியைப் பற்றிக் கணவருக்கும் எனக்கும் வாக்குவாதம். வரிசையில் நின்றால் காசில்லாமல் ஏறலாம்தானே என்றார். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ கதையை வைத்து 2020 செப்டம்பரில் திறந்த சவாரி அது. மகள் இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று. ஆளுக்கு 2,000 யென் கட்டினால் குறித்த நேரத்தில் போய் ஏறலாம். ஆறு வயது மகனை இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்திவைத்தால் மிச்சமாகும் 70 வெள்ளி யாருக்கு வேண்டும்? ஒரே ஒரு சவாரிக்கு மட்டும் கட்டுவோம், எது என்பதைப் பிள்ளைகள் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று சமாதானமானோம். மாமியாரின் ராட்டினக் கணக்கு இங்கே கைகொடுத்தது. ஆனால் எல்லாச் சவாரிக்கும் இப்படிக் கட்ட ஆரம்பித்தால் நுழைவுச்சீட்டைவிட அதுவே பெரிதாகிவிடும். ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் விரைவுச் சீட்டுக் கட்டு ஒன்றின் விலை பல நாள்களில் நுழைவுச்சீட்டையே மிஞ்சிவிடுகிறது.

வயதையும் பார்க்கவேண்டும். பன்னிரண்டு வயதானதும் டோக்கியோவில் பிள்ளைக் கட்டணம் போய் 6,600 முதல் 9,000 யென் என்ற அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது. ரயிலிலும் 6 முதல் 11 வயதுவரைதான் பாதிக் கட்டணம். எங்கள் மகளுக்கு 10, மகனுக்கு 6. நினைவில் நிற்கும் வயது, பாதிக் கட்டண வயது, இரண்டும் சேர்ந்துவரும் காலம் ஒரு வீட்டில் சில ஆண்டுதான். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு ஓடியவள் சொல்கிறேன், டோக்கியோவில் அந்த வயதுக்கு நுழைவு இலவசம் என்றாலும் அந்த இலவசம் இலவசமில்லை.

மழைக்காலத்தில் ஏன் போனோம்

ஜூனில் போகிறோம் என்றதும் அலுவலகத்தில் ஒருவர், “அங்கே அப்போ மழையாச்சே” என்றார். ஆமாம். டோக்கியோவில் ஜூன் முதல் பாதியில் மழைக்காலம் தொடங்கி ஜூலை வரை போகும். அதனால்தான் போனோம். ஏப்ரல் இறுதியிலிருந்து மே தொடக்கம் வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை. அவர்களின் பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியில்தான் வருகிறது. நம் ஜூன் விடுமுறையில் அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள் என்கிற ஒரு வாரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு தேதியை மட்டும் தவிர்க்க வேண்டும். ஜூன் 15 சீபா மாநில நாள். டிஸ்னிலேண்ட் இருப்பது சீபா மாநிலத்தின் உராயாசு நகரில். அந்த மாநிலத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை கிடைத்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

நுழைவுச்சீட்டை இரண்டு மாதத்துக்கு முன்பிருந்து வாங்கலாம். வாங்குவதற்கு முன்பு எந்தெந்தச் சவாரி மூடியிருக்கிறது என்பதைப் பூங்காவின் தளத்தில் பாருங்கள். ஹாங்காங்கில் நாங்கள் பட்டது போதும். டோக்கியோவில் ஸ்பேஸ் மவுண்டன் 2024 ஜூலை இறுதியோடு மூடப்பட்டது. புதியது 2027இல்தான் வரும். மகன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், ஆறு மாதம் முன்பே சொல்லி ஆற்றிவிட்டோம்.

எங்கள் நாளில் காலையில் தூறல், மதியம் கொட்டியது, மாலையில் வெறித்தது. வீட்டிலிருந்தே வாங்கிப்போன இரண்டு வெள்ளி மழைச்சட்டைகளை மாட்டிக்கொண்டோம். பெரும்பாலான சவாரிகள் கூரைக்குள்தான் இருக்கின்றன. பகல் ஊர்வலம் மழையில் வழக்கம்போல் நடக்கவில்லை. மகன் சிணுங்கினான். ஆனால் சில சவாரிகளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட்டோம். ஊர்வலம் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் ஜூனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உவேனோவில் தங்கினால் ஒரு சிரமம் உண்டு. டோக்கியோ நிலையத்தில் மாறும்போது டிஸ்னிலேண்ட் பக்கம் போகும் கெய்யோ தடத்தின் மேடைக்கு மிக நீண்ட நடை. சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் காலையில் இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். பூங்கா ஹோட்டல்களின் விலை கட்டுப்படியாகாது, அருகிலேயே வேண்டும் என்றால் மைஹாமாவுக்கு அடுத்த நிலையமான ஷின்-உராயாசுவைப் பாருங்கள்.

சாப்பாடு எங்களுக்குக் கவலையாக இருந்தது. வீட்டில் யாரும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, கணவர் வெள்ளிக்கிழமை சைவம். ஜப்பானில் காய்கறி மட்டும்போலத் தெரிகிற பல சாப்பாட்டிலும் மீன் சாறு கலந்திருக்கும். சிறிய சோற்றுப் பானையும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனோம். மாமியார் ஆசையாக வறுத்துக் கொடுத்த கோழியை மட்டும் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. இறைச்சிப் பொருள் எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பூங்காவுக்குள் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகவும் விதி இடம் தருவதில்லை. வாயிலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். காலையில் அங்கே புளிச்சோறு முடித்துவிட்டு உள்ளே போனோம். ஒரு நாள் சாயங்காலம் நிஷி-கசாய் போனோம். இந்தியக் குடும்பங்கள் அதிகம் வாழும் வட்டாரம் அது. மகன் தோசையைப் பார்த்ததும் மிக்கியைப் பார்த்ததைவிட அதிகமாகக் குதித்தான்.

மற்ற நாள்களில் காசு கேட்காத இடங்களாகப் பார்த்தோம். உவேனோ விலங்குத் தோட்டத்தில் பெரியவருக்கு 600 யென்தான், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை.

உங்கள் வீட்டில் சிலர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு ஜப்பான் செல்ல விசா வேண்டாம். நிரந்தரவாசியாகவே இருந்தாலும் இந்தியக் கடப்பிதழுக்கு விசா எடுக்கவேண்டும். விமானச்சீட்டு மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டுப் பிறகு இதற்காக ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

அக்காவின் கணக்கு வேறு

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானில். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் 4,680 வெள்ளியைக் கேட்டுவிட்டு அவர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். ஏறத்தாழ 15,500 ரிங்கிட். “உனக்கு ரெண்டு வருஷம், எனக்கு ஆறு வருஷம்டி” என்றார். யென் சரிந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ரிங்கிட்டில் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தச் சந்தோஷம் அவ்வளவு இல்லை.

அக்காவுக்கு ஒரு சபலமும் வந்தது. 2024 மே 11 முதல் மலேசிய ஊழியர் சேம நிதியில் 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. குறைந்தது 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். அதில் கைவைத்தால் விமானச்சீட்டுக்காவது ஆகும் என்று நினைத்திருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். “உனக்கு சொல்ல என்ன, நீ போயிட்டு வந்துட்ட” என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. வேலை போய், அடுப்பெரிய வேறு வழியில்லாதபோது அந்தப் பணத்தை எடுக்கலாம். ராட்டினத்துக்கு எடுத்தால் அறுபது வயதில் அந்தக் குறை தெரியும்.

கடைசியில் அக்கா தன் வழியைத் தானே கண்டுபிடித்தார். பள்ளி விடுமுறையில் பேருந்தில் இங்கே வந்து, எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்து, பிள்ளைகளை யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனார். பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல் போகும் சீட்டு அவருக்குச் சிறிய தொகையில்லை. ஆனால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் இல்லையே. எங்களுக்கு எட்டில் ஏழு பங்காக இருந்தது அவருக்குப் பேருந்துக் காசாகச் சுருங்கிவிட்டது. அடுத்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்த் தங்கி, கெந்திங்கில் 2022 பிப்ரவரியில் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸுக்குப் போவதாகப் பேச்சு.

சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களுக்கு லெகோலேண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. 2012 செப்டம்பரில் இஸ்கந்தர் புத்திரியில் திறந்தபோது ஆசியாவின் முதல் லெகோலேண்ட் அதுதான். பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழே இருக்கிற வீடுகளில், டோக்கியோவுக்குச் சேர்க்கிற இரண்டு ஆண்டில் நடுவே ஒருநாள் அங்கே போய்வருவது காத்திருப்பைச் சுலபமாக்கும். நாங்களும் போனோம். மகள் அதை வகுப்பில் லெகோலேண்ட் என்றே சொன்னாளாம்.

சிலருக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாத வீட்டில், அல்லது அட்டையில் நிலுவை இருக்கிற வீட்டில், அந்த 200 வெள்ளி முதலில் அங்கேதான் போகவேண்டும். 2019இல் எங்களுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

நினைவுப்பொருள் கடையில் ஆளுக்கு 75 வெள்ளி என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மகன் பத்து நிமிடத்தில் ஒரு வாளும் ஒரு தொப்பியும் வாங்கி முடித்துவிட்டான். மகள் நாற்பது நிமிடம் சுற்றினாள். விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யென்னை வெள்ளியாக மாற்றி, இரண்டு பொருளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள். கடைசியில் தனக்கு ஒரு தலைப்பட்டை, தமிழாசிரியருக்கு ஒரு டப்பா பிஸ்கட். ஏன் அவருக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் தான் சொன்ன கதையைப் பற்றி அவரிடம் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது. பிஸ்கட் டப்பா மட்டும் பள்ளி திறந்த அன்று பையில் போனது.

கணக்கில் 120 வெள்ளி மிச்சம். ஜூலை மாதச் சம்பளத்துக்கு மறுநாள் 200 வெள்ளி வழக்கம்போல அதில் போய் விழுந்திருக்கிறது. நிறுத்த மறந்துவிட்டோம். நிறுத்தவேண்டாம் என்று மகள் புதுத் தாள் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். மேலே என்ன பெயர் எழுதுவது என்பதில்தான் சண்டை. அவள் ஒசாகா என்கிறாள், தம்பி மறுபடியும் டோக்கியோ என்கிறான். மாமியார், பழனி என்று எழுதச் சொல்கிறார்.